இலை அலசும் வீடு

நீலக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவளுக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும். வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டுப் போட்டு விரல் நுனியெல்லாம் நீலம் பாரித்துவிட்டதால் தெருவே அவளை நீலக்கா என்றது. கட்டின புருஷன்கூட "என்ன நீலக்கா" என்றுதான் கூப்பிடுவார். சந்தோஷத்திலும் அதே, கோபத்திலும் அதே. எது எது என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வீட்டில் மூன்று பேர். மூன்று பேருக்கும் துணிதான் சோறு போட்டது. நீலக்கா துவைப்பாள், புருஷன் இஸ்திரி போடுவார், அவருடைய தங்கை அலசிப் பிழிந்து காயப்போடுவாள். தங்கைக்கு முப்பது வயது தாண்டியும் கூப்பிடுகிற பெயர் குட்டி. கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராமல் ஒரே ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். கொஞ்சம் மூச்சு இழுப்பு உண்டு, நிறைய வாய் உண்டு. வேலையில் சோம்பேறி என்பது நீலக்காவின் கட்சி. மெதுவாகச் செய்தாலும் நன்றாகச் செய்வேன் என்பது குட்டியின் கட்சி. இஸ்திரிக்காரர் எந்தக் கட்சியிலும் சேராமல் இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

அந்த ஊரே ஒரு சரிவில் இருந்தது. உச்சியில் மேலத் தெரு, அங்கே தோட்டம் வைத்த வீடுகள், தோட்டத்தைவிட உயரமாக மரங்கள். அடியில் கீழத் தெரு, அங்கே சுவரை ஒட்டிச் சுவர். மேலேயிருந்து கீழே வருவதற்கு எதுவும் யாரிடமும் வழி கேட்டதில்லை. மழைத் தண்ணீர் வரும், அதைப் பிடித்துக்கொண்டு சாக்கடை வரும், கால் உடைந்த நாற்காலி வரும், வெட்டின கிளைகள் வரும். லாரிகளும் அப்படித்தான் வந்தன. சத்தம் தாங்கவில்லை, புகை தாங்கவில்லை என்று மேலத் தெருப் பெரிய மனிதர்கள் நாலு பேர் போய்ச் சொன்னார்கள். உடனே அங்கே லாரி வரக் கூடாது என்று ஒரு பலகை முளைத்தது. லாரி என்ன, ஊரை விட்டா ஓடிவிடும்? கீழத் தெருவில் நீலக்கா வீட்டுக்கு நேர் எதிரே ஷெட் போட்டு உட்கார்ந்துகொண்டது. இங்கேயும் சத்தமும் புகையும் தாங்க முடியாதவைதான். போய்ச் சொல்லத்தான் ஆள் இல்லை.

வீட்டை ஒட்டி ஒரு காலி மனை. அதன் சொந்தக்காரர் எங்கோ இருந்தார். அவர் கட்டடம் எழுப்பாதவரைக்கும் வெயில் இவர்களுக்கு. அங்கேதான் கம்பு நட்டு, கொடி கட்டி, மேலத் தெரு விருந்தினர் விடுதியின் வெள்ளை விரிப்புகளைக் காயப்போடுவார்கள். மற்ற வீட்டுத் துணியெல்லாம் ஊறுகாய், விடுதித் துணிதான் சோறு. அது போனால் மூன்று பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஒருநாள் பழைய கம்புகளில் ஒன்று கரையான் அரித்து, ஈர விரிப்புகளோடு சேற்றில் சாய்ந்தது. மறுபடி எல்லாவற்றையும் துவைக்க வேண்டும். நீலக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு நின்ற நேரம் பார்த்து மரவெட்டி வண்டியோடு வந்து சேர்ந்தான்.

மேலத் தெரு மரங்களைக் கழித்துவிடுகிற ஆள் அவன். கிளை கரண்டுக் கம்பியைத் தொட்டாலும் கூப்பிடுவார்கள், யாருடைய கார்மேலாவது பூ உதிர்த்தாலும் கூப்பிடுவார்கள். வெட்டினதை ஒரு சின்ன வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து கீழத் தெருவின் இந்த முனையில் கொட்டுவான். வண்டி எப்போதும் நிறைந்து வரும், காலியாகப் போகும்.

"ஏய்யா, கொட்டறதுக்கு உனக்கு வேற இடமே கிடைக்கலையா? இது என்ன உங்க மேலத் தெருவோட கொல்லைப்புறமா?" நீலக்கா ஒரு பிடி பிடித்தாள்.

"என்னைத் திட்டி என்னக்கா பண்றது? இங்க கொட்டுன்னாங்க, கொட்டறேன். என் வீட்டுல ஒரு மரம் வைக்க இடம் இருந்தா நான் ஏன் ஊரான் வீட்டு மரத்துல ஏறி இறங்கறேன்?"

"நல்லாப் பேசு. உன் குப்பையில பாம்பு வந்தா அதையும் மேல இருக்கறவங்கதான் அனுப்பினாங்கம்பே."

இஸ்திரிக்காரர் வெளியே வந்து கிளைகளைப் பார்த்தார். கைப் பருமனில், ஆள் உயரத்துக்கு மேலே, நேர் நேராகப் பூவரசங்கிளைகள்.

"ஏன் நீலக்கா, சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். கம்பு நல்லா நேரா இருக்கு பாரு."

அன்று சாயங்காலமே பத்துப் பன்னிரண்டு கம்புகளை நட்டுவிட்டார்கள். பச்சைக் கிளையைத் தோல் சீவி, காயவைத்துத்தான் கம்பாக நட வேண்டும் என்பது மரம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். இவர்களுக்குத் தெரிந்தது துணி. தொட்டியில் ஈர விரிப்பு காத்திருந்தது, அவசரம். தோலோடு குழியில் இறக்கி, மண்ணை மிதித்து, கொடியைக் கட்டினார்கள். அலசின தண்ணீர் வேறு நாள் தவறாமல் அந்தப் பக்கமாகத்தான் ஓடியது.

சில வாரம் கழித்து ஒரு காலை குட்டி கத்தினாள்.

"அண்ணி, இங்க வாங்க! கம்புக்கு உசுரு இருக்கு!"

கம்பின் தோலைப் பிளந்துகொண்டு பச்சையாகப் பொட்டுப் பொட்டாய்த் துளிர்கள். வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நீலக்கா கணக்குப் போட்டாள். துளிர் இலையாகும், இலை நிழலாகும், நிழலில் துணி எப்படிக் காயும்? மரம் என்றால் காக்காய் வரும், காக்காய் வந்தால் சும்மா போகுமா? பூவரசம்பூ வேறு மஞ்சளாய் வெள்ளை விரிப்பின்மேல் விழுந்து கறையானால் யார் பதில் சொல்வது?

"பார்த்துக்கிட்டு நிக்காதே. கிள்ளிப் போடு."

வேலை பிரிக்கப்பட்டது. உள்பக்கக் கம்புகள் நீலக்காவுக்கு, ரோட்டுப் பக்கம் வரிசையாக நின்றவை குட்டிக்கு. நீலக்கா விடிந்ததும் முதல் வேலையாகத் துளிரைக் கிள்ளிவிட்டுத்தான் பல் துலக்குவாள். ரோட்டுப் பக்கக் கொடியில் புழுதி அதிகம் என்பதால் அங்கே கால் துடைக்கும் மிதியடியும் தரை துடைக்கும் துணியும் மட்டும்தான் கிடக்கும். அந்தப் பக்கம் அவள் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. அப்புறம் மழைக்காலம் வந்தது, வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டித் துணியைக் காயவைத்து மூக்கால் அழுததில் கம்புகள் மறந்தே போயின.

மழை விட்ட பிறகு பார்த்தால் ரோட்டுப் பக்கக் கம்புகளெல்லாம் தலை நிறைய இலையோடு நிற்கின்றன. ஒன்றின் இலை அடுத்ததன் இலையைத் தொட்டு, எதிர்ப்பக்கத்து ஷெட்டே தெரியவில்லை.

"குட்டி, தினம் கிள்ளினேன்னு சொன்னியே, எதைக் கிள்ளினே?"

குட்டி சேலைத் தலைப்பைத் திருகினாள். "கிள்ளப் போனேன் அண்ணி. மனசு வரல. செத்துப் போச்சுன்னு நினைச்சு நட்ட கம்பு, அது பாட்டுக்குப் பொழைச்சு வருது. அதைப் போயி எப்படி?"

"சோம்பேறித்தனத்துக்கு மனசுன்னு ஒரு பேரா!"

எல்லாவற்றையும் ஒருநாள் வெட்டித் தள்ள வேண்டும் என்று நீலக்கா முடிவு கட்டினாள். அதற்குள் தலையில் இடி விழுந்தது.

வெயிலோடு புழுதிக் காற்றும் திரும்பியிருந்தது. விடுதியில் துணி வாங்கி வைக்கிற அம்மா, கறாரான ஆள். ஒவ்வொரு விரிப்பையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் அலமாரியில் வைப்பார். அன்றைக்குப் பிடித்தவர் பிடித்தபடியே நின்றார்.

"இது என்னம்மா, கறுப்புக் கறுப்பா?"

நீலக்கா கிட்டே போய்ப் பார்த்தாள். குண்டூசி முனை அளவுப் புள்ளிகள். தேய்த்தால் இழுபட்டுச் சாம்பல் கோடாகிறது.

"போன தடவையும் இருந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல. துவைக்கிறதுல கவனம் இல்லன்னா எப்படி? எனக்கு மேலே இருக்கறவங்க மெஷின் லாண்டரிக்குக் குடுத்துடலாம்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. நான்தான் தள்ளிப் போட்டுக்கிட்டு வரேன்."

நீலக்கா பார்வையை ஜன்னலுக்கு வெளியே திருப்பினாள். அப்போதுதான் விடுதிப் பின்கட்டு கண்ணில் பட்டது. சமையல்காரர்கள் தங்கள் கைத்துண்டுகளைத் தாங்களே கசக்கி ஒரு மரத்தடியில் காயப்போட்டிருந்தார்கள். அரைகுறையாகக் கசக்கின துண்டுகள். பளீரென்று இருந்தன. தான் முட்டி தேய இரண்டு தடவை சோப்புப் போட்டு, மூன்று தண்ணீரில் அலசி, நீலம் போட்ட விரிப்பைவிட வெளுப்பாக இருந்தன. தண்ணீர் ஒன்றுதான், சோப்பு ஒன்றுதான், காற்றுதான் வேறு. எங்கள் தெருக் காற்றில் காயவைத்தால் இப்படித்தான் ஆகும் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அந்தத் தெருத் துணியே வேண்டாம் என்று ஆகிவிடாதா? வாய் வரை வந்ததை விழுங்கினாள்.

அந்த அம்மா அவள் முகத்தைப் பார்த்தார். விரிப்புகளை மடித்து மூட்டைமேல் வைத்தார்.

"எடுத்துட்டுப் போயி இன்னொரு தடவை போட்டுக் கொண்டு வா. இதான் கடைசி, சொல்லிட்டேன்."

இறங்கி வருகிற வழியெல்லாம் நீலக்காவுக்குக் கண் எரிந்தது. பாதித் தூரத்தில், மரங்கள் முடிகிற திருப்பத்தில், டீசல் வாடை வந்து முகத்தில் மோதியது. அந்தத் திருப்பத்தைக் கண்ணை மூடிக்கொண்டே அவளால் சொல்ல முடியும்.

மூன்று பேரும் மறுபடி தொட்டியடிக்கு வந்தார்கள். குட்டிகூடச் சுறுசுறுப்பாக அலசினாள். துவைத்தாயிற்று. காயப்போட இடம் இல்லை. உள்பக்கக் கொடிகளெல்லாம் ஏற்கெனவே வேறு வீட்டுத் துணிகள். இஸ்திரிக்காரர் ரோட்டுப் பக்கக் கம்புகளுக்குப் பின்னால், இலைக்கு உள்பக்கமாக, மிதியடி கிடந்த இடத்தில் புதுக் கயிறு ஒன்றை இழுத்துக் கட்டினார்.

"ரோட்டோரத்துலயா? உங்களுக்கு என்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"வேற எங்க கட்டட்டும்? உன் தலையிலயா?"

வேறு வழியில்லாமல் மறுநாள் காலை அங்கே போட வந்தாள். துணி போடுமுன் கயிற்றை ஈர வெள்ளைத் துணியால் ஒரு இழுப்புத் துடைப்பது அந்த வேலையில் வழக்கம். துடைக்காமல் போட்டால் விரிப்பின் நடுவில் கறுப்பாக ஒரு கோடு விழுந்துவிடும். உள்பக்கக் கொடியை அன்றைக்கும் துடைத்திருந்தாள், துணி கரியாக வந்திருந்தது. அதைப்போலவே முந்தின நாளிலிருந்து வெளியில் கிடந்த இந்தக் கயிற்றைத் துணியின் சுத்தமான பக்கத்தால் இழுத்துத் துடைத்தாள். துணியைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அழுத்தித் துடைத்தாள். லேசான பழுப்பு, அவ்வளவுதான்.

"என்னங்க, இந்தக் கயிறு நேத்துக் கட்டினதுதானே? நடுவுல யாராவது துடைச்சீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்லையா?"

குட்டிதான் ஒரு பூவரசிலையைப் பறிக்காமல், கையில் தாங்கி, அண்ணி வைத்திருந்த துணியாலேயே ஒரு வழி துடைத்தாள். துணியில் இலை வடிவத்தில் கறுப்பு படிந்தது. நீலக்கா அடுத்த இலையைத் துடைத்தாள். அதுவும் கறுப்பு. விரிப்பில் வந்து விழ வேண்டியதையெல்லாம் அந்த இலைகள் ரோட்டைப் பார்த்தபடி வாங்கி வைத்துக்கொண்டிருந்தன. இலைக்கு மேலே ஏறித் தாண்டின புகைதான் தள்ளியிருந்த உள்பக்கக் கொடிகளில் போய் இறங்கியிருந்தது.

நீலக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. விடிந்ததும் விடிந்ததுமாய்த் தான் கிள்ளிப் போட்ட துளிர்களையெல்லாம் நினைத்துத்தான் அழுதாள்.

அந்த விரிப்புகளை விடுதி அம்மா ஒவ்வொன்றாக ஜன்னலில் பிடித்தார். நீலக்கா மனசுக்குள் எண்ணிக்கொண்டு நின்றாள். கடைசி விரிப்பும் அலமாரிக்குள் போனதும், "இது துணி" என்றார் அந்த அம்மா. அந்த இரண்டு வார்த்தையில் நீலக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்புறம் என்ன, விடுதித் துணி எல்லாமே இலைக்குப் பின்னால்தான். இலை வரிசையிலிருந்து பூ உதிரும் தூரம் தள்ளிக் கொடி கட்டக் கற்றுக்கொண்டார்கள். காக்காய் உட்கார்ந்தால் விரட்டுவது குட்டியின் பொறுப்பு, உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யலாம் என்பதால் அதை அவள் மனமுவந்து செய்தாள். புழுதி மூடின இலை வாடுவதைப் பார்த்து, வாரத்துக்கு இரண்டு நாள் கடைசி அலசல் தண்ணீரை வாளி வாளியாக வீசி இலைகளைக் கழுவவும் ஆரம்பித்தாள் நீலக்கா. தெருவுக்கு நல்ல வேடிக்கை.

"என்ன நீலக்கா, இலையையும் வெளுக்கறீங்களா? இஸ்திரி போடலையா?"

"சூடு தாங்காதாம்" என்பார் இஸ்திரிக்காரர், தலையை நிமிர்த்தாமலே.

கேலி செய்தவர்களே அடுத்த மாதம் ஆளுக்கொரு கிளை கேட்டு வந்தார்கள். நீலக்கா இல்லை என்று சொல்லவில்லை. ஷெட்டைப் பார்த்த வாசல்களிலெல்லாம் ஒவ்வொன்றாகக் கம்பு நின்றது. சில துளிர்த்தன, சிலவற்றை ஆடு தின்றது. லாரிகள் எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்க முடிந்தது. குட்டியின் இழுப்பும் முன்னைப்போல் அடிக்கடி வருவதில்லை. அவளுடைய வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

ஒருநாள் மரவெட்டியின் வண்டி வந்தது. நீலக்கா வாயைத் திறக்கத் தயாராக எழுந்தாள். வண்டி காலியாக இருந்தது.

அவன் இறங்கித் துண்டால் முகத்தைத் துடைத்தான். "அக்கா, ஒண்ணு கேக்கணும், திட்டாதீங்க. விடுதி முன்னாடி பெரிய பூவரசு ஒண்ணு நின்னுச்சே, காத்துல சாஞ்சுடுச்சு. விடுதி அம்மாவுக்கு மனசே ஆறல. அதே மரம் வேணும்ங்கறாங்க. அது எங்க கிடைக்கும்? அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. அன்னிக்கு இங்க கொட்டினது அதோட கிளைதான்."

நீலக்கா வரிசையைப் பார்த்தாள். அந்த இலைகளை அங்கிருந்து எடுப்பது தன் கூரையிலிருந்து ஓடு பிடுங்கிக் கொடுப்பதாக இருந்தது. ஆனாலும் கால் தானாக நடந்தது. முனையில் நின்ற கம்பில், ரோட்டுப் பக்கம் சாயாமல் நேராகப் போயிருந்த ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்தாள். "இதை வெட்டு. பார்த்து வெட்டு, தோல் உரியாம. இன்னும் ரெண்டு சேர்த்தே எடுத்துக்கோ, ஒண்ணு போனாலும் ஒண்ணு பிழைக்கட்டும்."

கிளைகளை ஈரச் சாக்கில் சுற்றி அவளே வண்டியில் ஏற்றினாள்.

"அன்னிக்கு உன்னை வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன் தம்பி. நீ கொட்டினதுலதான் எங்க பொழைப்பே நின்னுச்சு. நல்லா இருப்பே."

மரவெட்டி வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "நான் இத்தனை வருஷமா ஓட்டறேன்க்கா. இந்தத் தெருவுலேர்ந்து வண்டி காலியா இல்லாம மேலே போறது இதான் முதல் தடவை."

"அதுக்காகக் கொட்டறதை நிறுத்திடாதே. நீளமான கம்பாப் பார்த்துக் கொட்டு."

விடுதி வாசலில் நட்ட கிளை பிழைத்துக்கொண்டது. துணி மூட்டையோடு போகிறபோதெல்லாம் நீலக்கா அதை ஒரு பார்வை பார்ப்பாள். நாலைந்து இலை விட்டிருந்த ஒரு காலையில் விடுதி அம்மாவே வாசலுக்கு வந்து நின்றார்.

"உன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன். மரவெட்டி சொன்னான், உங்க வீட்டுல இலையெல்லாம் கழுவுவீங்களாமே. இதுக்கும் கழுவணுமா? எத்தனை நாளைக்கு ஒரு தடவை?"

நீலக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இங்க கழுவ வேண்டாம்மா. இங்க இலை சுத்தமாத்தான் இருக்கும்."

"ஏன்?"

ஏன் என்று நீலக்கா சொல்லவில்லை. இடுப்பில் செருகியிருந்த வெள்ளைத் துணியை எடுத்து, ஒரு இலையைத் துடைத்துக் காட்டினாள். துணி வெள்ளையாகவே இருந்தது. பிறகு துணியைத் திருப்பிப் போட்டாள். மறுபக்கம் அன்று விடியற்காலையில் உள்பக்கக் கொடியைத் துடைத்த கரி. "இது எங்க வீட்டுக் கொடியில இருந்ததும்மா."

அந்த அம்மா இரண்டு பக்கத்தையும் பார்த்தார்.

"அப்போ அந்தப் புள்ளி, நீ துவைச்சதுல இல்ல."

"இல்லம்மா."

"நான் உன்னைத்தானே சொன்னேன்."

"சொன்னீங்க. சொல்லிட்டு, இன்னொரு தடவை கொண்டு வான்னும் சொன்னீங்க. அன்னிக்கு நீங்க அதைச் சொல்லாம இருந்திருந்தா நான் அந்த இலையைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். ரோட்டோரத்துலேர்ந்து எல்லாத்தையும் வெட்டிப் போட்டிருப்பேன்." தலையிலிருந்த மூட்டையை ஒரு கையால் சரிசெய்துகொண்டாள். "எங்க வீட்டுல மூணு பேரு சாப்பிடறது உங்களோட அந்த வார்த்தையிலதான்."

அந்த அம்மா மூட்டையை அவள் தலையிலிருந்து தானே இறக்கினார். அன்றைக்கு எந்த விரிப்பையும் ஜன்னலில் பிடித்துப் பார்க்கவில்லை, நேரே அலமாரியில் அடுக்கினார்.

நீலக்கா அழுக்கு மூட்டையோடு இறங்கினாள். திருப்பத்தில் வழக்கம்போல டீசல் வாடை வந்தது. அதைத் தாண்டி, கீழே, தன் வீட்டு ஓரமாகப் பச்சையாக ஒரு கோடு தெரிந்தது. குட்டி வாளியோடு நின்று இலைகளுக்குத் தண்ணீர் வீசிக்கொண்டிருந்தாள், பாதி தன் மேலேயே.

"குட்டி, அன்னிக்கு நீ கிள்ளாம விட்டியே, நல்லா இருடி."

குட்டிக்குக் காதை நம்ப முடியவில்லை. அண்ணி வாயிலிருந்து அவளுக்கு வந்த முதல் நல்ல வார்த்தை அது. உடனே நெஞ்சை நிமிர்த்தினாள். "அப்போ நான் சோம்பேறி இல்லைன்னு ஒத்துக்கிட்டீங்க."

"அதெல்லாம் ஒத்துக்கல" என்று மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, நீலக்கா இன்னொரு வாளியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றாள்.